கப்பலின் எண்ணெய்க் கணக்கு

நீராவிக் கப்பல்கள் சமுத்திரங்களை ஆளத் தொடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அவற்றின் யந்திர அறைக்குள் இறங்கியவனுக்கு நிலக்கரிப் புகையோடு கூடவே மூக்கைத் துளைத்தது, உருகிய மாட்டுக் கொழுப்பின் வாடை. சிலிண்டருக்குள் பிஸ்டன் தேயாமல் ஓடுவதற்குக் கொழுப்பு. அச்சுகளும் மூட்டுகளும் சுழலும் இடங்களுக்கு ஆலிவ் எண்ணெய், ரேப் விதை எண்ணெய், திமிங்கில எண்ணெய். இவற்றோடு சென்னை மாகாணத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பலேறிய ஆமணக்கெண்ணெய். கட்டை வண்டியின் அச்சுக்கு வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை போடுகிற நம் வண்டிக்காரன், அந்த மை வழியெல்லாம் சொட்டிப் போவதைப் பற்றி எப்படிக் கவலைப்படுவதில்லையோ, அப்படியே அக்காலத்துக் கப்பல் இன்ஜினீயரும் கவலைப்படவில்லை. மேலே ஊற்றிய எண்ணெய் தன் காரியத்தை முடித்துக்கொண்டு, கிராங்கின் அடியிலுள்ள பள்ளத்தில் தண்ணீரோடு கலந்து தேங்கி, அங்கிருந்து கப்பலின் அடிவயிறாகிய பில்ஜுக்கு வடிந்து, பம்பின் வழியாகக் கடலில் போய்ச் சேர்ந்தது. யாரும் வேண்டுமென்று செய்த குற்றமன்று இது. யந்திரத்தின் அமைப்பே அப்படி.

அந்த எண்ணெயை ஊற்றுவதற்கென்றே தனி வேலையாள் இருந்தான். ஆங்கிலேய மாலுமிகளிடையே அவனுக்கு கிரீஸர் என்று பெயர், பி. அண்ட் ஓ., பிரிட்டிஷ் இந்தியா முதலிய கம்பெனிகளின் கப்பல்களில், செராங்கின் அதிகாரத்துக்குட்பட்டு வேலை செய்த இந்திய லஸ்கர்களிடையே அவன் 'தேல்வாலா'. கரி சுமப்பவனுக்கும் அடுப்பில் கரி வீசுபவனுக்கும் ஒரு படி மேலானவன் என்று அவனைக் கருதியதற்குக் காரணம் இருந்தது. ஆளுயரத்துக்கு மேல் நின்று நிமிஷத்துக்கு அறுபது எழுபது முறை சுழலும் யந்திரத்தை நிறுத்தாமலே, கிராங்க் ஒவ்வொரு முறை தன் பக்கம் வந்து திரும்பும் கணத்தில் கையை நீட்டிப் பேரிங்கைத் தொட்டுப் பார்த்து, அதன் சூட்டை உள்ளங்கையால் அளந்து, அடுத்த சுற்று வருவதற்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். தாளம் தவறினால் விரல்கள் போய்விடும். வெப்பமானியும் எச்சரிக்கை மணியும் இல்லாத காலத்தில் கப்பலின் க்ஷேமம் அந்தக் கையின் உணர்ச்சியில்தான் இருந்தது என்பதை நினைக்கையில், சம்பளப் பட்டியலில் அந்தக் கைக்குக் கிடைத்த இடம் மிகவும் கீழானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கொழுப்பின் ஆட்சிக்கு முடிவு வந்தது எண்ணெய்த் தொழிலினாலல்ல, தண்ணீரினால். பழைய கப்பல்களில் வேலை முடிந்த நீராவியின் மேல் கடல்நீரைத் தெளித்துக் குளிர்வித்தார்கள். கொதிகலனுக்கும் உப்புநீரே போயிற்று. சாமுவேல் ஹால் என்பவர் 1834-இல் பேடண்ட் பெற்ற வேறொரு முறையில், நீராவி குழாய்களின் சுவரால் மட்டும் குளிர்ந்து, கடல்நீரோடு கலவாமல், நல்ல நீராகவே கொதிகலனுக்குத் திரும்பியது. 1860-களில் இந்த முறை கப்பல்களில் பரவியபோது, அதுவரை காணாத சங்கடம் ஒன்று தலைகாட்டிற்று. ஒரே நீர் மீண்டும் மீண்டும் சுற்றி வந்ததால், சிலிண்டரில் இட்ட கொழுப்பும் அதனோடு கொதிகலனுக்குள் புகுந்து, உஷ்ணத்தில் சிதைந்து கொழுப்பமிலங்களாகி, இரும்புத் தகட்டை உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கியது. வீணாகாமல் திரும்பி வருகிற எந்தப் பொருளும் தன் அழுக்கையும் திரும்பக் கொண்டுவரும் என்பதைக் கப்பற்காரர்கள் முதன்முதலாகக் கற்றுக்கொண்டது இங்கேதான். இதற்குப் பின் வந்த சரித்திரம் முழுவதும் இந்த ஒரு பாடத்தின் வியாக்கியானமே.

பரிகாரம் இரண்டு விதமாக வந்தது. 1859-இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் என்ற ஊரில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றிலிருந்து தொடங்கிய பெட்ரோலியத் தொழில், உஷ்ணத்தில் அமிலமாகாத கனிஜ எண்ணெயைத் தந்தது; 1866-இல் ராச்செஸ்டர் நகரில் தோன்றிய வேக்குவம் ஆயில் கம்பெனி போன்றவை, நீராவிச் சிலிண்டருக்கென்றே கெட்டியான எண்ணெய்களைக் காய்ச்சி விற்றன. மற்றொரு பரிகாரம் வடிகட்டி. கொதிகலனுக்குத் திரும்பும் நீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்க, அந்நாளைய இன்ஜினீயர்கள் கையில் அகப்பட்டதையெல்லாம் பரீட்சித்துப் பார்த்தார்கள்: கல்கரி, மரத்தூள், சொரசொரப்பான துவாலைத் துணி. இவற்றுள் மிகவும் சிலாக்கியமானதாகத் தேறியது, நம் வீட்டுப் பெண்கள் உடம்பு தேய்த்துக் குளிக்க வைத்திருக்கிறார்களே, அந்த முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூடு. ஜப்பானில் இதைக் கப்பல்களுக்கென்று பயிரிட்டு ஏற்றுமதி செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் மூண்டு அந்த வழி அடைபட்டபோது, அமெரிக்கர் தங்கள் கப்பற்படைக்காக வேறு தேசங்களில் இதைத் தேடி அலைய நேர்ந்தது. பெரிய பெரிய யுத்தக் கப்பல்களின் உயிர்நாடி ஒரு பீர்க்கங்காயின் நாரில் தொங்கியது என்பதை விநோதத்துக்காகவாவது நினைவில் வைக்கலாம். எண்ணெய் ஊறிய நார் கடைசியில் எங்கே போயிற்று என்று கேட்டால், அடுப்புக்கோ கடலுக்கோ என்பதே விடை.

எண்ணெய் இடும் வேலையைக் கையிலிருந்து கருவிக்கு மாற்றியவர்களுள் எலைஜா மக்காயை மறந்துவிடலாகாது. அடிமைத்தனத்திலிருந்து தப்பிக் கனடாவுக்கு ஓடிய பெற்றோருக்குப் பிறந்து, எடின்பரோவில் யந்திரக் கல்வி கற்றுத் திரும்பிய அவருக்கு, நிறத்தின் காரணமாக மிச்சிகன் ரயில்வேயில் கரி வீசுகிற, எண்ணெய் ஊற்றுகிற வேலையே கிடைத்தது. யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டருக்குள் தானாக எண்ணெயை இறக்கும் கிண்ணம் ஒன்றுக்கு அவர் 1872-இல் பேடண்ட் பெற்றார். ரயில்களிலும் நீராவிக் கப்பல்களிலும் அவ்வகைக் கிண்ணங்கள் பரவின. படித்தவனை எண்ணெய் ஊற்ற வைத்த அநீதியிலிருந்து விளைந்த லாபம் இது.

ஆனால் எண்ணெய் என்ன செய்கிறது என்பதே அதுவரை ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. இங்கிலாந்தின் யந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஆதரவில் பேரிங்குக்கு எண்ணெய் இடுவதைப் பற்றி ஆராய்ந்து, 1883-இல் முதல் அறிக்கையை வெளியிட்ட போஷாம்ப் டவர் என்பவர், ரயில் அச்சுப் போன்ற ஒரு தண்டைப் பித்தளைப் பேரிங்கின் கீழ்ச் சுழலவிட்டு, அதன் அடிப்பாகம் எண்ணெய்த் தொட்டியில் நனையும்படி அமைத்திருந்தார். எண்ணெய்க் கிண்ணம் பொருத்துவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டுப் பார்த்தபோது, கீழேயுள்ள எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே பொங்கிற்று. எரிச்சலோடு ஒரு தக்கையை அடித்து மூடினார்கள். தக்கை வெளியே வந்துவிட்டது. மரக்கட்டையை அடித்தார்கள், அதுவும் மெல்ல மெல்ல மேலெழும்பிற்று. அழுத்தமானியைப் பொருத்திய பிறகுதான் விஷயம் விளங்கியது: பேரிங்கின் மேல் சுமத்திய பாரம் சராசரி சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு, மானியின் முள்ளோ 200-ஐத் தாண்டிப் போயிற்று. சுழலும் தண்டு தானே எண்ணெயை இழுத்துச் சென்று தனக்கும் பேரிங்குக்கும் இடையே ஒரு மெல்லிய படலத்தை அழுத்தத்தோடு பரப்பிக்கொள்கிறது; உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை; அச்சு எண்ணெயின் மேல் மிதக்கிறது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் இந்தப் பிரத்தியட்சத்துக்குக் கணித சித்தாந்தம் எழுதினார்.

உலோகம் தொடாவிட்டால் தேய்மானம் எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்கு விடை, அந்தப் படலத்தைவிடப் பெரிய அழுக்கிலிருந்து என்பதே. படலத்தின் கனம் சில மைக்ரான். அதனுள் புகுகிற மணல் துகளும் உலோகப் பொடியும் உளியாக மாறுகின்றன. ஆகவே எண்ணெய் வேண்டிய அளவு கிடைத்தால் மட்டும் போதாது, சுத்தமாகவும் கிடைக்க வேண்டும். பர்மிங்ஹாமில் பெல்லிஸ் கம்பெனியின் வரைபடக்காரரான ஆல்பர்ட் பெய்ன், பம்பு கொண்டு எண்ணெயை அழுத்தத்தோடு பேரிங்குகளுக்குள் செலுத்தி, வழிந்ததைத் தொட்டியில் பிடித்து மறுபடியும் செலுத்தும் முறைக்கு 1890-இல் பேடண்ட் பெற்றபோது, ஊற்றி இழப்பது என்ற பழைய வழக்கத்துக்கு எதிராக, சுற்றவிட்டுக் காப்பது என்ற புதிய வழக்கம் பிறந்தது. மூடிய பெட்டிக்குள் யந்திரம் ஓடத் தொடங்கிற்று. சிக்கனத்துக்காகவும் வேகத்துக்காகவும் வந்த மாற்றம் இது. கடலின் நலத்தை உத்தேசித்து யாரும் இதைச் செய்யவில்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

சார்லஸ் பார்சன்ஸின் டர்பைன்கள் கப்பலேறியபோது சுற்றும் எண்ணெயின் அளவு பெருகியது. பம்பு நின்றுபோனாலும் டர்பைன் சுழன்று ஓயும்வரை எண்ணெய் தானே இறங்கும்படி, யந்திர அறையின் உச்சியில் தொட்டிகள் கட்டினார்கள். நீராவிக் கசிவு எண்ணெயோடு கலந்து மோர் போல் வெளுத்துத் திரண்டது. தொட்டியில் நிறுத்தித் தெளியவைக்க நாள் கணக்காகும். அலையில் ஆடுகிற கப்பலில் அதுவும் சரியாகத் தெளியாது. இதற்கு உபாயம் சுவீடனின் பால்பண்ணையிலிருந்து வந்தது. பாலைச் சுழற்றி வெண்ணெய்ப் பாகத்தைப் பிரிக்கும் யந்திரத்தை 1878-இல் அமைத்த குஸ்தாஃப் டெ லவால், 1883-இல் நண்பரோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கூம்பு வடிவத் தகடுகளைப் பிற்பாடு அதனுள் சேர்த்துக்கொண்டது. கனமானது வெளியே, லேசானது உள்ளே என்ற அதே தத்துவம் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பொருந்தும் என்று கண்டு, கப்பலுக்கேற்ற யந்திரத்தையும் செய்து தந்தது. இன்று எந்த வணிகக் கப்பலின் யந்திர அறையிலும் காதைத் துளைக்கும் கீச்சொலியோடு ஓடிக்கொண்டிருக்கும் பியூரிஃபையரின் பூர்வோத்தரம் இதுதான்.

1912 பிப்ரவரியில் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குப் புறப்பட்ட 'செலாண்டியா', புகைபோக்கியே இல்லாமல் டீசல் யந்திரத்தில் சமுத்திரம் கடந்து, கொதிகலனின் காலம் முடிந்துவருகிறது என்பதை உலகுக்கு அறிவித்தது. டீசலின் வரவால் எண்ணெய்க்கு வேலை இரட்டித்தது. பெரிய யந்திரங்களில் இரண்டு எண்ணெய்கள்: கிராங்க் பக்கத்தில் சுற்றிச் சுற்றி வருவது ஒன்று, சிலிண்டர் சுவரில் துளித்துளியாக இட்டு, எரிந்தும் வடிந்தும் திரும்பாமலே போவது மற்றொன்று. முன்னதைச் சரியாகப் பேணினால் ஆண்டுக் கணக்கில் உழைக்கும். குறைவதற்கு ஈடாகப் புதிது சேர்த்துக்கொண்டே வந்து, முழுவதையும் மாற்றாமலே பல்லாண்டு ஓடுகிற கப்பல்கள் உண்டு. பின்னதோ அன்றும் இன்றும் ஒருவழிப் பிரயாணிதான். மணிக்கு ஒரு கிலோவாட்டுக்கு ஒரு கிராம் என்று வைத்தாலும், 20,000 கிலோவாட் யந்திரம் ஒரு நாளில் 480 கிலோ சிலிண்டர் எண்ணெயை விழுங்கிவிடும். 0.6 கிராமாகக் குறைத்தால் அது 288 கிலோ ஆகும். பிஸ்டன் சரியான இடத்துக்கு வரும் கணம் பார்த்து எண்ணெயைத் தெளிக்கும் மின்னணுக் கருவிகள், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பரவியதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

இரண்டாம் போருக்குப் பின் ஷெல் குழுமத்தைச் சேர்ந்த ஜான் லாம்ப், 'ஆரிகூலா' என்ற எண்ணெய்க் கப்பலின் டீசல் யந்திரத்தில், சுத்தமான டீசலுக்குப் பதில் கொதிகலனில் எரிக்கும் மலிவான கறுப்பு எண்ணெயை எரித்துக் காட்டினார். கப்பல் முதலாளிகளுக்கு இதைவிட இனிய செய்தி இருந்திருக்க முடியாது. ஆனால் அந்த மலிவுக்குள் கந்தகம் ஒளிந்திருந்தது. எரிந்த கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகிச் சிலிண்டர் சுவரைத் தின்றது. அமிலத்தைக் காரத்தால் அடக்குவதுதானே ரசாயனத்தின் பாலபாடம்! 1950-களில் காரத்தன்மையுள்ள சிலிண்டர் எண்ணெய்கள் கடைக்கு வந்தன. 70 என்ற கார எண் நெடுங்காலம் பொதுவான அளவாக இருந்தது. எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதம்வரை இருக்கலாம் என்ற உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 0.5 ஆக இறங்கியபோது, அந்த எண்ணும் 40-க்குச் சென்றது. அளவுக்கு மிஞ்சிய காரமும் சாம்பலாகப் படிந்து பிஸ்டனைக் கெடுக்கும் ஆகையால்.

கழுவிச் சுமக்கும் மருந்துகளைச் சேர்த்த எண்ணெய் வந்ததும், வடிகட்டும் பழக்கங்களும் மாறின. மருந்து சேராத பழைய எண்ணெயில் அமிலம் சேர்ந்தால், பியூரிஃபையருக்குள் வெந்நீர் விட்டு அலசுவது வழக்கம். புது எண்ணெயை அப்படி அலசினால் மருந்தும் நீரோடு போய்விடுமென்று அதை நிறுத்தினார்கள். வடிகட்டிகளுக்கும் ஒரு வம்சாவளி உண்டு: கம்பி வலை, துணி, பிறகு மெல்லிய உலோகத் தகடுகளை நூலிழை இடைவெளி விட்டு அடுக்கி, மேலேயுள்ள பிடியைத் திருகினால் சீப்புப் போன்ற கத்திகள் அழுக்கைச் சுரண்டித் தள்ளும் அமைப்பு, அதற்குப் பின் காகித வடிகட்டி, இக்காலத்தில் எண்ணெயைத் தானே பின்னோக்கிப் பாய்ச்சிக் கழுவிக்கொள்ளும் வடிகட்டி. பிரதான வடிகட்டி ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரான் அளவுள்ள துகளைத்தான் தடுக்கும். அதைவிடப் பொடியானதையும் தண்ணீரையும் பியூரிஃபையரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சேவை யார் தலையில் விழுகிறது என்பதில் கப்பல்களுக்குள் அபிப்பிராய பேதமே கிடையாது. ஃபோர்த் இன்ஜினீயரின் தலையில்தான். எண்ணெயைத் தொண்ணூறு டிகிரிக்குச் சுடவைத்துப் பியூரிஃபையருக்கு அனுப்புவதும், அவசரப்பட்டு அதிகமாக ஓட்டாமல் மெல்ல ஓடவிடுவதும் அவன் பொறுப்பு. மெல்லப் போனால்தான் நன்றாகப் பிரியும். பியூரிஃபையரின் கிண்ணத்தைக் கழற்றும் நாளில், தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தார்போல ஒட்டிக் கிடக்கும் கசடை மரச் செதுக்கியால் வழித்து, டீசலில் ஊறவைத்துத் துலக்கி, எண் வரிசை பிசகாமல் மறுபடி அடுக்க வேண்டும். வடிகட்டியின் மெழுகுவர்த்தி வடிவ உலோக உறுப்புகளை மருந்துநீரில் கிடத்தி, உள்ளிருந்து வெளியாகக் காற்றடித்து, விளக்கின் முன் பிடித்துக் கிழிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழிந்த வடிகட்டி வடிகட்டியே இல்லாததைவிட மோசம், இருக்கிறது என்ற நம்பிக்கையைத் தருவதால். எண்ணெயின் யோக்கியதையைச் சோதிக்க ஒரு எளிய வித்தையும் உண்டு. மையொற்றும் தாளில் ஒரு சொட்டு விட்டால், மருந்து உயிரோடிருக்கும் எண்ணெய் கருமையைச் சீராகப் பரப்பும். மருந்து தீர்ந்த எண்ணெயோ நடுவில் கறுப்பு வட்டத்தை விட்டுத் தான் மட்டும் விலகி ஓடும். கரையிலுள்ள சோதனைச்சாலைகளுக்கு மாதிரிப் புட்டி அனுப்புகிற இந்நாளிலும் இந்தச் சொட்டுச் சோதனைக்கு மரியாதை குறையவில்லை.

இப்படி வழித்தெடுத்த கசடு என்ன ஆயிற்று? இந்தக் கேள்வியைச் சட்டம் மிகவும் தாமதமாகவே கேட்டது. கடலில் எண்ணெய் விடுவதைத் தடுக்க 1954-இல் லண்டனில் ஏற்பட்ட முதல் சர்வதேச உடன்படிக்கை, எரியெண்ணெயையும் மசகெண்ணெயையும் சுத்தி செய்வதால் மிஞ்சும் கசடுக்கு வெளிப்படையாகவே விலக்கு அளித்தது. கரையிலிருந்து கூடுமானவரை தூரத்தில் கொட்டினால் போதும் என்றது! அன்றைய ராஜதந்திரிகளின் கண்ணில் சமுத்திரம் எல்லையற்றதாகவே இருந்திருக்கிறது. 1967-இல் 'டாரி கான்யன்' என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையருகே பாறையில் மோதிக் கச்சா எண்ணெயைக் கொட்டிய பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. 1973-இல் எழுதி, 1978-இல் திருத்தி, 1983 அக்டோபர் 2 முதல் அமலுக்கு வந்த மார்போல் உடன்படிக்கையின்படி, யந்திர அறையின் பில்ஜ் நீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருந்தால் கடலில் விடலாகாது. கசடுத் தொட்டியிலிருந்து கடலுக்கு நேர்க்குழாய் இருக்கலாகாது. 400 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் எண்ணெய்ப் பதிவேடு வைத்து, கசடு எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு எரித்தது, எவ்வளவு கரைக்குக் கொடுத்தது என்று எழுதி வரவேண்டும். இருநூறு ஆண்டுக் கப்பல் யந்திரச் சரித்திரத்தில் எண்ணெய்க்குக் கணக்குக் கேட்கும் புஸ்தகம் இது.

கணக்கு வந்ததும் கள்ளக் கணக்கும் வந்தது. நீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் கருவியைச் சுற்றிக்கொண்டு எண்ணெய்நீரை நேரே கடலில் விடுவதற்காக இரவோடிரவாகப் பொருத்தித் துறைமுகம் வருமுன் கழற்றிவிடும் குழாய்க்கு, மாலுமிகள் 'மாயக் குழாய்' என்று பெயரிட்டார்கள். 2013 ஆகஸ்டில் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் 'கரீபியன் பிரின்சஸ்' என்ற உல்லாசக் கப்பலில் இத்தகைய குழாயைக் கண்ட புதிய இன்ஜினீயர் ஒருவர், வேலையை விட்டிறங்கி அதிகாரிகளிடம் தகவல் சொன்னார்; விசாரணையின் முடிவில், 2016-இல், அந்தக் கப்பலை நடத்திய கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. பேரிங்கைத் தொட்டுப் பார்த்த கைக்கும், தகவல் சொல்லத் துணிந்த வாய்க்கும் கப்பல்தொழில் ஒரே அளவுதான் கடன்பட்டிருக்கிறது என்பது என் கருத்து.

பின்புறத்து அச்சின் கதை இன்னும் விசித்திரமானது. திருகுச் சுழலியின் தண்டு கப்பலைத் துளைத்து வெளியேறும் இடத்தில், 1850-களில் ஜான் பென் 'லிக்னம் வைட்டி' என்ற கடினமான மரத்தின் பட்டைகளைப் பதித்து, கடல்நீரையே மசகாகச் செய்தார். ஒரு சொட்டு எண்ணெய் வேண்டியிருக்கவில்லை. நூறாண்டு கழித்து, தேய்மானம் குறையும் என்பதற்காக மரத்தை நீக்கி, வெள்ளை உலோகமும் எண்ணெயும் கசிவைத் தடுக்கும் வளையங்களும் வைத்தார்கள். வளையம் தேயத் தேய எண்ணெய் கடலில் கசிந்தது, குறைந்த அளவை நிரப்புவது அன்றாடக் காரியமாயிற்று. 2013 டிசம்பர் முதல் தன் கடலெல்லைக்குள் வரும் பெரிய கப்பல்கள், கடலைத் தொடும் இடங்களில், எளிதில் மட்கி விஷமற்றுப் போகும் எண்ணெயையே உபயோகிக்க வேண்டுமென்று அமெரிக்கா விதித்தது. தாவர எண்ணெய்களிலிருந்து வடிக்கும் எஸ்டர்கள் அந்த இடத்தைப் பிடித்தன. சிலர் மறுபடியும் நீரையே மசகாகக் கொண்ட பேரிங்குகளுக்குத் திரும்பினார்கள்.

வடிகட்டிகளின் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. கழுவி உபயோகிக்கிற உலோக வடிகட்டியால் குப்பை குறையும், ஆனால் கழுவிய மருந்துநீர் கசடுத் தொட்டிக்குப் போகும்; காகித வடிகட்டியால் உழைப்பு மிச்சம், ஆனால் எண்ணெய் ஊறிய காகிதத்தைக் கப்பலின் சூளையில் எரித்தால் அது புகையாகிறது, சாம்பலைக் குப்பைப் பதிவேட்டில் எழுத வேண்டியிருக்கிறது. மரம், துணி, பீர்க்கங்கூடு, காகிதம், எஃகு என்று எத்தனை மாறினாலும், எண்ணெயிலிருந்து எடுத்த அழுக்கு கடலிலிருந்து பில்ஜுக்கும், பில்ஜிலிருந்து வடிகட்டிக்கும், வடிகட்டியிலிருந்து தொட்டிக்கும் இடம் மாறி வந்திருக்கிறதே தவிர மறைந்துபோகவில்லை. ஆகையால் கசடு சேராமல் செய்வதே முதல் உபாயம்: எரிபொருளை நன்றாகத் தெளியவைப்பது, கசிவை அடைப்பது, மாதிரிச் சோதனையின் முடிவு வரும்வரை நல்ல எண்ணெயை நாள் கணக்கைப் பார்த்துக் கொட்டிவிடாமலிருப்பது. மிஞ்சியதைத் துறைமுகத்தில் டாங்கர் லாரியோ படகோ வந்து ஏற்றிக்கொண்டு போகும். அளவு, தேதி, இடம் குறித்து அவர்கள் கொடுக்கும் ரசீதைச் சீஃப் இன்ஜினீயர் எண்ணெய்ப் பதிவேட்டோடு சேர்த்து வைக்கிறார், அடுத்த துறைமுகத்தில் ஏறும் அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான் என்பதால்.